லாஸ் வேகஸ் ஸ்ட்ரிப்பில் ஒரு மாலை கார் சுற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, கூடப் படித்தவன் ஆபீஸ் வேலையாக வந்தாலும் சரி, வந்த இரண்டாவது வாரமே "வேகஸ் இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?" என்ற பேச்சு தொடங்கிவிடும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சுமார் 430 கி.மீ. ஐ-15 நெடுஞ்சாலையில் நாலு, நாலரை மணி நேரம். கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். சீட்டு ஆடுவது எப்படி என்பதெல்லாம் இதில் கிடையாது. காரில் ஒரு மாலை சுற்றிப் பார்ப்பது மட்டும்.

ஸ்ட்ரிப், ஸ்ட்ரிப்னு சொல்றாங்களே, அது ஊரா, தெருவா?

தெருதான். லாஸ் வேகஸ் புலிவார்டு என்ற நீண்ட சாலையில், பெரிய ஹோட்டல்களும் கேசினோக்களும் வரிசையாக நிற்கும் சுமார் 6.8 கி.மீ. நீளப் பகுதிக்கு அந்தப் பெயர். தெற்கே மாண்டலே பே, வடக்கே சஹாரா அவென்யூ. நீங்கள் படங்களில் பார்த்த வேகஸ் பெரும்பாலும் இதற்குள்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்ட்ரிப் லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. பெரும்பகுதி இருப்பது பாரடைஸ் என்ற, நகராட்சி இல்லாத, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) நேரடியாக நிர்வகிக்கும் பகுதியில். 1950-ல் நகரம் இந்த இடத்தைத் தன்னோடு இணைத்துக்கொள்ளப் பார்த்தபோது, நகர வரி தலையில் விழக்கூடாது என்று கேசினோ முதலாளிகள் கவுண்டியைப் பிடித்துத் தனிப் பகுதியாக அறிவிக்க வைத்தார்கள். இன்றுவரை அப்படியேதான் நீடிக்கிறது. உண்மையான லாஸ் வேகஸ் சஹாரா அவென்யூவைத் தாண்டியதும் ஆரம்பிக்கிறது.

முழுசா ஒரு தடவை ஓட்டிப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

தெற்கு முனையிலுள்ள வரவேற்புப் பலகையிலிருந்து வடக்கே பழைய ஊரிலுள்ள ஃப்ரீமான்ட் தெரு வரை ஏறக்குறைய 11 கி.மீ. செவ்வாய்க்கிழமை காலை என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெள்ளி, சனி இரவு என்றால் ஸ்ட்ரிப்புக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊர்ந்து போவதுகூட ஒரு வகையில் வசதிதான், பின் சீட்டில் இருப்பவர்கள் நிதானமாகப் பார்க்கலாம். ஓட்டுபவர் பாடுதான் திண்டாட்டம்.

எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும்?

தெற்கிலிருந்து வடக்கே. தயங்காமல் சொல்வேன். வரவேற்புப் பலகை தெற்கில் இருக்கிறது. அதோடு, வடக்கே போகப் போக வரலாறு பின்னோக்கி நகர்கிறது. தெற்கு முனையில் 1990-களில் எழுந்த பிரமாண்ட ஹோட்டல்கள். நடுவில் 1940-கள், 60-களில் பெயரெடுத்த இடங்கள். கடைசியில் 1905-ல் ரயில்வே கம்பெனி நிலத்தை ஏலம் விட்டு உருவான பழைய ஊர். நடுநடுவே ஸ்ஃபியர் என்ற ராட்சச உருண்டைக் கட்டடம் மாதிரி புதியவை குறுக்கிடும், ஆனாலும் மொத்தத்தில் இந்த வரிசை பிடிபடும்.

வடக்கே போகும்போது எம்.ஜி.எம். கிராண்ட், பாரிஸ், ஃபிளமிங்கோ, வெனீஷியன் எல்லாம் வலது கைப்பக்கம் அருகில் வரும். பெல்லாஜியோவும் சீசர்ஸ் பேலஸும் எதிர்ப்பக்கம். திரும்பி வரும்போது அவை அருகில் வந்துவிடும். அதனால் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு ஓட்டம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 'வெல்கம்' போர்டு கிட்ட நிறுத்தி போட்டோ எடுக்க முடியுமா?

முடியும். சாலையின் நடுத்திட்டிலேயே சிறிய இலவசப் பார்க்கிங் இருக்கிறது. மாலை நேரத்தில் பலகைக்கு முன்னால் வரிசை நிற்கும்; உங்கள் முறை வந்தால் இரண்டு மூன்று படங்கள் எடுத்துக்கொண்டு நகர வேண்டும், அவ்வளவுதான். படம் எடுத்துத் தருகிறேன் என்று முன்வருபவர்கள் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள்.

1959-ல் பெட்டி வில்லிஸ் என்ற பெண் வடிவமைத்தது இது. இந்த வடிவத்துக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. அதனால்தான் சாவிக்கொத்து முதல் காபிக் கோப்பை வரை எல்லாவற்றிலும் இதே பலகை. கிட்டே போனால் ஒன்றைக் கவனியுங்கள்: 'வெல்கம்' என்ற சொல்லின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு வெள்ளை வட்டத்துக்குள் இருக்கும். அவை வெள்ளி டாலர் நாணயங்கள். நெவாடா வெள்ளிச் சுரங்கத்துக்குப் பெயர்போன மாநிலம். பலகையின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. கவனமாக ஓட்டுங்கள், சீக்கிரம் திரும்பி வாருங்கள் என்று ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்களுக்காக எழுதியிருக்கும்.

பகல்ல போறதா, ராத்திரி போறதா?

சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு பலகையில் இருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே படம் எடுத்துவிட்டு, இருட்டும்போது ஸ்ட்ரிப்புக்குள் நுழையலாம். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், ஜூனில் எட்டு மணியாகும்.

நடுப்பகலில் போனால் பாதி அழகு காணாமல் போய்விடும். விளக்கில்லாத நியான் பலகை தகரம் மாதிரிதான் தெரியும். கோடையில் வெயில் வேறு. 2024 ஜூலை 7 அன்று இங்கே 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது, இதுவரை இல்லாத உச்சம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காரில் தண்ணீர் இல்லாமல் கிளம்பாதீர்கள். நிறுத்திய காரில் குழந்தையையோ பெரியவர்களையோ ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

வரிசையா என்னென்ன வரும்? ஒண்ணும் விட்டுடக் கூடாது.

ஒன்றிரண்டு விடத்தான் செய்யும், பரவாயில்லை. முதலில் இடப்பக்கம் தங்க நிறக் கண்ணாடியோடு மாண்டலே பே. அடுத்து லக்ஸர், 30 மாடிக் கறுப்புப் பிரமிடு, 1993-ல் திறந்தது. உள்ளே லிஃப்டுகள் பிரமிடின் சரிவையொட்டிச் சாய்வாகவே ஏறி இறங்கும். உச்சியிலிருந்து வானத்தை நோக்கி ஒரு ஒளிக்கற்றை கிளம்பும். 2019 ஜூலையில் வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாக அந்த ஒளியில் மொய்த்த வீடியோ உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அடுத்து பொம்மைக் கோட்டை போல எக்ஸ்காலிபர். அதற்குப் பிறகு டிராபிகானா அவென்யூ சிக்னல். எதிரே நியூயார்க்-நியூயார்க்கும் அதன் சுதந்திர தேவி சிலையும், வலப்பக்கம் எம்.ஜி.எம். கிராண்டின் வெண்கலச் சிங்கமும். அந்தச் சுதந்திர தேவி சிலைக்கு ஒரு கதை உண்டு: அமெரிக்கத் தபால் துறை 2010-ல் தபால்தலை வெளியிட்டபோது, நியூயார்க்கின் அசல் சிலை என்று நினைத்து இந்த வேகஸ் நகலின் படத்தைப் போட்டுவிட்டது. இதைச் செதுக்கிய சிற்பி வழக்குப் போட்டார். 2018-ல் நீதிமன்றம் அவருக்கு 35 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது.

அடுத்த பெரிய சந்திப்பு ஃபிளமிங்கோ சாலை. அதற்குச் சற்று முன்பே ஒரு பக்கம் பெல்லாஜியோ, எதிர்ப்பக்கம் பாரிஸின் ஈபிள் கோபுரம். சந்திப்பைத் தாண்டினால் 1966-ல் திறந்த சீசர்ஸ் பேலஸ், எதிரே ஃபிளமிங்கோ. பக்ஸி சீகல் என்ற தாதா 1946 டிசம்பர் 26 அன்று திறந்த ஃபிளமிங்கோவின் பெயர் மட்டும்தான் மிச்சம். பழைய கட்டடங்களில் கடைசியாக நின்றதும் 1993-ல் இடிக்கப்பட்டது. பிறகு வெனீஷியன், வின். அதற்கு மேல் கொஞ்சம் வெறிச்சென்று போகும். ரிசார்ட்ஸ் வேர்ல்டையும் ஃபான்டென்புளோவையும் காரிலிருந்தபடி பார்த்தால் போதும். ஃபான்டென்புளோ 2007-ல் கட்ட ஆரம்பித்து, 2009-ல் பணமில்லாமல் நின்று, வருடக்கணக்கில் கண்ணாடிக் கூடாகவே கிடந்து, 2023 டிசம்பரில் திறந்தது. கடைசியில் 350 மீட்டர் உயர ஸ்ட்ராட் கோபுரம். வழி தெரியாமல் போனாலும் இதைப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கலாம்.

எல்லா இடத்திலயும் இறங்க நேரமில்லை. எங்க மட்டும் இறங்கலாம்?

மூன்றே இடம்: வரவேற்புப் பலகை, பெல்லாஜியோ, ஃப்ரீமான்ட் தெரு. மற்றவை காரிலிருந்து பார்க்கவே கட்டப்பட்டவை. அவற்றின் முகப்பில்தான் விஷயம், உள்ளே போனால் எல்லாக் கேசினோவும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பெல்லாஜியோ நீரூற்றைக் காரிலிருந்து பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மரங்களுக்கு மேலே தண்ணீர் எழும்புவது தெரியும், பாட்டு கேட்காது. ஹோட்டலின் பார்க்கிங்கில் காரை விட்டுவிட்டு, உள்ளே நடந்து ஏரிக்கரைக்கு வாருங்கள். வரும் வழியில் வரவேற்புக் கூடத்தின் கூரையைப் பார்க்கத் தவறாதீர்கள். கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலி செய்த சுமார் 2,000 கண்ணாடிப் பூக்கள் அங்கே தொங்குகின்றன. பக்கத்திலேயே பருவத்துக்குப் பருவம் மாற்றும் மலர்த் தோட்டம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

நீரூற்றில் 1,200-க்கும் மேற்பட்ட குழாய் முனைகள். உச்சத்தில் தண்ணீர் 140 மீட்டர் வரை போகும். பிற்பகலில் அரை மணிக்கு ஒருமுறை, இரவில் கால் மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் வேறு பாட்டு. ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் இரண்டாவதுக்கும் நில்லுங்கள். முதல் முறை எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள்.

பாலைவனத்துல இவ்வளவு தண்ணியை வீணாக்குறாங்களே, நியாயமா?

அப்பாக்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பெல்லாஜியோ இருக்கும் இடத்தில் முன்பு டியூன்ஸ் என்ற ஹோட்டலும் அதன் கோல்ஃப் மைதானமும் இருந்தன. அந்த மைதானத்துக்குப் பாய்ச்சிய நிலத்தடி நீரின் உரிமைதான் ஏரிக்குப் பயன்படுகிறது. குடிநீர்க் குழாயிலிருந்து எடுப்பதில்லை.

ஊருக்கான தண்ணீரில் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து, மீட் ஏரி வழியாக வருகிறது. ஹோட்டல் அறைகளில் குளித்த, கழுவிய தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு மறுபடி அந்த ஏரிக்கே போய்விடும். திரும்பாமல் போவது செடிக்கும் புல்லுக்கும் ஊற்றுவதுதான். அதனால்தான் வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்தரையை 2026 இறுதிக்குள் அகற்ற வேண்டும் என்று 2021-ல் சட்டமே போட்டார்கள். நீரூற்றைவிடச் சாலை ஓரத்துப் புல்தான் இங்கே பெரிய குற்றவாளி.

ஈபிள் டவரை ஏன் பாதி உயரத்துக்குக் கட்டினாங்க? காசு இல்லையா?

காசு பிரச்சினை இல்லை, விமானம்தான். முழு அளவில் கட்டத்தான் முதலில் திட்டம். ஹாரி ரீட் விமான நிலையம் ஸ்ட்ரிப்பை ஒட்டியே இருப்பதால் பாதியாகக் குறைத்தார்கள். உயரம் 165 மீட்டர். மூன்று கால்கள் கேசினோவின் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அதைப் பார்ப்பதற்காக மட்டும் வேண்டுமானால் பாரிஸுக்குள் ஒரு எட்டு போய்வரலாம்.

சீசர்ஸ் பேலஸ்ல பிரம்மா கோயில் இருக்காமே, நிஜமா?

நிஜம்தான். ஹோட்டல் முகப்புக்கு வடக்கே, திறந்தவெளியில், நான்கு முகமும் எட்டுக் கையுமாகப் பொன்னிறப் பிரம்மா உட்கார்ந்திருக்கிறார். பாங்காக்கில் உள்ள எரவான் சன்னிதியின் நகல். தாய்லாந்தில் வார்த்து, 1984-ல் இங்கே வைத்தார்கள். ஆசிய நாடுகளிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் பூவும் பழமும் வைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டு உள்ளே போவார்கள்.

நம் ஊரில் பிரம்மாவைத் தனியாகக் கும்பிட வேண்டுமென்றால் கும்பகோணம், திருப்பட்டூர் என்று தேடிப் போக வேண்டும். இங்கே கேசினோ வாசலிலேயே இருக்கிறார். அம்மாக்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஸ்ட்ரிப்பின் நடைபாதையிலிருந்தே போகலாம், பெல்லாஜியோவிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் போதும்.

அந்த ராட்சச உருண்டை எங்கேர்ந்து நல்லா தெரியும்?

ஸ்ஃபியர், ஸ்ட்ரிப்பின் மேல் இல்லை. வெனீஷியனுக்குப் பின்னால், கிழக்கே ஒரு தெரு தள்ளி இருக்கிறது. 2023 செப்டம்பர் 29 அன்று திறந்தது. உயரம் 112 மீட்டர், குறுக்களவு 157 மீட்டர், வெளிப்பரப்பு முழுவதும் எல்.இ.டி. விளக்குகள். ஸ்ட்ரிப்பிலிருந்து கட்டட இடுக்குகளில் துண்டு துண்டாகத்தான் தெரியும். கோவல் லேன் அல்லது சாண்ட்ஸ் அவென்யூ பக்கம் திரும்பினால் முழுசாகக் கண்முன் நிற்கும்.

கண் சிமிட்டும், திடீரென்று கூடைப்பந்தாக மாறும். ஓட்டுபவர் அதைப் பார்த்துக்கொண்டே முன் காரில் மோதிவிட வாய்ப்பு அதிகம். பக்கத்துத் தெருவில் ஓரங்கட்டிப் பாருங்கள். காசு செலவழிக்கத் தயார் என்றால் 167 மீட்டர் உயர ஹை ரோலர் ராட்டினத்தில் ஏறலாம். ஒரு சுற்று அரை மணி நேரம், மேலே போகும்போது உருண்டை அப்படியே எதிரில் இருக்கும்.

பத்து வருஷம் முன்னாடி வந்தப்ப எரிமலை வெடிச்சுதே, அது எங்க?

போய்விட்டது. அந்த எரிமலை இருந்த மிராஜ் ஹோட்டல் 2024 ஜூலை 17 அன்று மூடப்பட்டது. அந்த இடத்தில் கிட்டார் வடிவில் பெரிய ஹோட்டல் எழுகிறது. அடுத்திருக்கும் ட்ரெஷர் ஐலண்டின் கப்பல் சண்டை 2013-லேயே நின்றுவிட்டது. முன்பு சொன்ன டிராபிகானா சிக்னலில், அந்தப் பெயர் கொண்ட ஹோட்டலே இப்போது இல்லை. 2024 அக்டோபர் 9 அதிகாலை வெடி வைத்துத் தகர்த்தார்கள், பேஸ்பால் மைதானம் கட்டுவதற்காக.

வேகஸுக்கு இதுவே வழக்கம். டியூன்ஸ் 1993, சாண்ட்ஸ் 1996, ஸ்டார்டஸ்ட் 2007 என ஒவ்வொன்றாகத் தகர்த்துத்தான் இன்று நாம் பார்ப்பதெல்லாம் எழுந்தன. பழைய படங்களை வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். இடித்த ஹோட்டல்களின் பெயர்ப்பலகைகள் பல, பழைய ஊருக்கு வடக்கே நியான் அருங்காட்சியகத்தில் கிடக்கின்றன. முன்பதிவு செய்துகொண்டு இருட்டிய பிறகு போனால் நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால், ஸ்ட்ரிப்பில் ஷோ டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசில் சிறு பங்கை இங்கே செலவழிக்கலாம்.

பார்க்கிங் ஃப்ரீதானே?

ஒரு காலத்தில். 2016-ல் எம்.ஜி.எம். குழுமம் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தது, பிறகு பெரும்பாலான ஹோட்டல்கள் பின்தொடர்ந்தன. நுழைவாயில் பலகையில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். வாரக்கடைசியில் கூடும். பல இடங்களில் ஹோட்டலின் இலவச உறுப்பினர் அட்டையைப் பொறுத்துச் சலுகை மாறும். சாலையோரம் நிறுத்துவது ஸ்ட்ரிப்பில் நடக்காத காரியம்.

இந்திய லைசென்ஸ் வெச்சு வாடகைக் கார் எடுக்கலாமா?

சுற்றுலா வந்தவர்கள் செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டலாம். சில வாடகைக் கம்பெனிகள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்கும். கிளம்புவதற்கு முன் ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். இங்கே வந்து வாங்க முடியாது. 25 வயதுக்குக் கீழ் என்றால் கூடுதல் கட்டணம் உண்டு.

ஸ்ட்ரிப்பில் நடு லேனைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது ஓர லேன் ஹோட்டலுக்குள் திரும்பும் டாக்ஸிகளாலும் பஸ்களாலும் அடைத்துக்கொள்ளும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது நெவாடாவில் குற்றம்.

கார் இல்லாம பார்க்க வழி இல்லையா?

இருக்கிறது. டியூஸ் என்ற இரட்டை மாடிப் பேருந்து ஸ்ட்ரிப் முழுவதும் போய் ஃப்ரீமான்ட் தெருவரை இரவு பகலாக ஓடுகிறது. மாடியில் முன் சீட் கிடைத்தால் காரைவிட நல்ல காட்சி. மோனோரயில் வேகமானது, ஆனால் ஹோட்டல்களின் முதுகுப் பக்கமாகப் போவதால் பார்க்க ஒன்றுமில்லை. விமான நிலையத்துக்கும் அது போகாது.

அப்பா அம்மாவுக்கு முட்டி வலி, குழந்தையும் இருக்கு. சமாளிக்க முடியுமா?

முடியும், தூரத்தை மட்டும் நம்பாதீர்கள். கட்டடங்கள் பிரமாண்டமாக இருப்பதால் எதிரில் இருப்பதுபோலத் தெரியும் ஹோட்டல் இருபது நிமிட நடையாகிவிடும். பெரிய சந்திப்புகளில் சாலையை நடைமேம்பாலம் வழியாகத்தான் கடக்க வேண்டும். லிஃப்ட், எஸ்கலேட்டர் இருந்தாலும் ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் இருக்கும். பாலத்தின் மேல் நின்று படம் எடுக்காதீர்கள், அங்கே நிற்பதற்கு 2024 முதல் தடை.

சூதாட 21 வயதாக வேண்டும். குழந்தையோடு கேசினோ தளத்தைக் கடந்து போகலாம், மெஷின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் காவலர் வந்து நகரச் சொல்வார். சிகரெட் புகை வேறு. ஆஸ்துமா உள்ளவர்களை வெளிவழியாகவே கூட்டிப்போங்கள்.

வேகஸ்ல எல்லாமே சுதந்திரம்தானே? கார்ல பீர் வெச்சுக்கலாமா?

நடந்து போகும்போது ஸ்ட்ரிப்பில் கையில் கோப்பையோடு போகலாம், கண்ணாடிப் பாட்டில் கூடாது. காருக்குள் திறந்த பாட்டில் இருந்தால், பின் சீட்டில் இருப்பவர் கையில் இருந்தாலும் தவறுதான். கஞ்சா 2017 முதல் நெவாடாவில் சட்டப்படி கடையில் கிடைக்கும், ஆனால் பொது இடத்திலும் காரிலும் பயன்படுத்தக் கூடாது. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் தொடவே வேண்டாம்: மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் குற்றம், பிறகு குடியேற்ற விஷயங்களில் சிக்கல் வரும்.

கார்ல உட்கார்ந்தபடியே கல்யாணம் பண்ணலாம்னு சொன்னாங்களே?

பண்ணலாம். ஸ்ட்ராட்டுக்கும் ஃப்ரீமான்ட் தெருவுக்கும் நடுவில் சின்னச் சின்னத் திருமணக் கூடங்கள் வரிசையாக வரும். அதில் லிட்டில் ஒயிட் வெட்டிங் சாப்பலில் கார் நுழையும் வளைவே உண்டு. கூரையில் தேவதைகள் வரைந்திருக்கும். முன்னதாகக் கவுண்டி அலுவலகத்தில் திருமண உரிமம் வாங்க வேண்டும். அது தினமும் காலை 8 முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவர்கள் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் போதும், தினமும் யாராவது ஒரு ஜோடி மாட்டும்.

ஃப்ரீமான்ட் தெருவுக்கு வேற போகணுமா? ஸ்ட்ரிப் பார்த்தாச்சே.

கட்டாயம் போக வேண்டும். நிஜமான ஊர் அதுதான். 1906-ல் திறந்த கோல்டன் கேட் ஹோட்டல் இன்னும் நிற்கிறது. 1907-ல் ஊரின் முதல் தொலைபேசி அங்கே வந்தது, அதன் எண் 1. நெவாடாவில் சூதாட்டம் சட்டபூர்வமான ஆண்டு 1931; ஸ்ட்ரிப்பில் முதல் ஹோட்டல் வந்தது 1941-ல்தான். அந்த இடைவெளியில் ஆட்டமெல்லாம் பெரும்பாலும் இந்தத் தெருவில்தான் நடந்தது.

கார் உள்ளே போகாது. 1994-ல் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, தெருவுக்கு மேலே 419 மீட்டர் நீளத்துக்கு வளைவுக் கூரை போட்டார்கள். அதில் இரவில் ஒளிக்காட்சி ஓடும். கூரைக்கு அடியில், 1951-லிருந்து நிற்கும் 'வேகஸ் விக்' என்ற நியான் கௌபாய் பொம்மையைத் தேடிப் பாருங்கள். வாயில் சிகரெட், கட்டைவிரலைத் தூக்கிய கை. முன்பு அந்தக் கை ஆடும், நின்று பல வருடமாகிறது. சத்தமும் கூட்டமும் ஸ்ட்ரிப்பைவிட அதிகம். இரவு பத்து மணிக்கு மேல் குழந்தைகளோடு போக நான் சொல்லமாட்டேன்.

ஜாம்ல மாட்டிக்கிட்டா தப்பிக்க வழி?

ஸ்ட்ரிப்புக்கு இணையாக மேற்கே ஃபிராங்க் சினாட்ரா டிரைவ், கிழக்கே கோவல் லேன், பாரடைஸ் சாலை. ஏதாவது சிக்னலில் திரும்பி இவற்றில் ஒன்றைப் பிடித்தால் பாதி நேரம் மிச்சம். ஆனால் புத்தாண்டு இரவு ஸ்ட்ரிப்பில் வண்டியே விடமாட்டார்கள். நவம்பரில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும் வாரமும் வேண்டாம்; 2023 முதல் ஸ்ட்ரிப்பே பந்தயப் பாதையின் ஒரு பகுதி, சில வாரங்களுக்கு முன்பிருந்தே தடுப்புகளும் மேடைகளும் வந்துவிடும். பெல்லாஜியோ ஏரிக்கரையில் நான் சொன்ன காட்சி அப்போது கிடைக்காது.

மறுநாள் ஹூவர் அணையும் பார்த்துட்டு வந்துடலாமா?

தாராளமாக. ஸ்ட்ரிப்பிலிருந்து முக்கால் மணி நேரம். 1935-ல் அர்ப்பணிக்கப்பட்ட, 221 மீட்டர் உயர அணை. வெயில் ஏறுவதற்கு முன், காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். அணைக்குப் போகும் வழியில் வண்டிகளைச் சோதனை செய்வார்கள். அணையின் மேல் காரை ஓட்டி அரிசோனா பக்கம் போகலாம், ஆனால் அந்தப் பாதை அதற்கு மேல் நெடுஞ்சாலையோடு சேராது. வந்த வழியே திரும்ப வேண்டும். அரிசோனாவுக்குள் போவதாக இருந்தால் அணைக்கு வராமல், 2010-ல் திறந்த உயரப் பாலத்தைப் பிடியுங்கள். பாலத்தில் ஓட்டிப் போகும்போது அணை தெரியாது, பக்கச்சுவர் மறைக்கும். மேலிருந்து அணையைப் பார்க்க, கீழே காரை நிறுத்திவிட்டுப் பாலத்தின் நடைபாதைக்கு ஏறிப் போக வேண்டும்.